கொதித்த டயருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

ஒரு விஷயத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பதற்கு மனிதனுக்கு ஒரு வயசு இருக்கிறது. எனக்கு அது இருபத்திரண்டு. அந்த வயசில் நான் மோட்டார் சைக்கிள் பந்தய டயர்களில் நிபுணனாக இருந்தேன். (தகுதி: வாப்பாவிடம் ஒரு லொறி இருந்தது, என்னிடம் ஒரு போன் இருந்தது.)

முதலில் நௌசாத் மச்சானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே எங்கள் வீட்டில் அவருக்கு ராஜமரியாதை. மீனில் நடுத்துண்டு அவருக்கு, மின்விசிறிக்கு நேரே இருக்கும் கதிரை அவருக்கு. அவர் செய்வது பிழை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது. இந்த மாப்பிள்ளை கிழமை நாட்களில் டைல்ஸ் கடை நடத்துகிறார், வருடத்தில் சில ஞாயிறுகளில் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. வாப்பா ஆடிப்போனார். ஆனாலும் மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"ஏன்டா மனே, இவருக்கு நாம என்ன குறை வெச்சம்?"

ராத்தாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். "ரெண்டு வருஷமா ஓடுறீங்க, ஒரு கப்பையும் நான் காணல்ல. இந்தமுறை முதல் மூணு பேருக்குள்ள வராட்டி பைக்க விக்கிற. நானும் வந்து பாக்கத்தான் போறன்."

மச்சான் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துவிட்டு "ஓம்" என்றார். அந்த மனிதர் சொன்ன சொல் மாறமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அவர் கொட்டிலில் பைக்குக்குப் பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எப்படியாவது இவரை வெல்ல வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவருடைய கெட்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

பந்தய டயரின் ரப்பர் கலவையில் சொஃப்ட், ஹார்ட் என்று சாதிகள் உண்டு. சொஃப்ட் சீக்கிரம் சூடேறி தாரை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஹார்ட் நின்று பிடிக்கும், ஆனால் நன்றாகச் சூடேறும்வரை வழுக்கும். மச்சானுக்கு சொஃப்ட் போடத்தான் ஆசை. நான் விடவில்லை. ஒரு கிழமை முழுக்க வீடியோ பார்த்த அறிவு உள்ளே கிடந்து கொதித்தது.

"மச்சான், இந்த வெயிலுக்கு சொஃப்ட் டயர் அடுப்புல கிண்டுற தொதல் மாதிரி இளகிரும். ஹார்ட்தான் சரி."

"பத்துச் சுத்துத்தானே தம்பி? தாங்கும்."

"தாங்காது மச்சான். நான் பாத்திரிக்கன்." (எங்கே பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

"சரி, நீ படிச்சவன்" என்று ஹார்ட்டையே மாட்டினார்.

வாப்பாவின் லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு, ஊரிலிருந்து ஐந்து மணிநேரம் தள்ளியிருந்த தடத்துக்கு ராத்தாவோடு போய்ச் சேர்ந்தோம். அங்கே கண்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டயருக்குப் போர்வை! மின்சாரத்தில் சூடேறும் போர்வையை டயரில் சுற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். மச்சானும் ஒரு சோடியை இரவல் வாங்கிச் சுற்றினார். ராத்தா பார்வையாளர் பக்கம் போய்விட்டாள். மச்சானை ஓட்டுநர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நான் வந்துதான் கழட்டுவன். நீ பக்கத்துல நிண்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிற்க முடிந்ததா? போர்வையின் ஓரத்தை நீக்கி டயரில் விரல் வைத்தேன். சுரீர் என்றது. பார்த்த வீடியோவெல்லாம் மறந்துபோய், எனக்குள் இருந்த லொறிக்காரன் மகன் விழித்துக்கொண்டான். கொழும்புக்கு அரிசி ஏற்றும் வாப்பா வழியில் டயர் சூடேறினால் ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றுவார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"வாப்பா, மச்சான்ட டயர் கொதிக்குது."

"கொதிக்குதா? அல்லாட காவல்! வெடிச்சிரும்டா மனே, தண்ணி ஊத்து! மாப்பிள்ளைக்கு ஒண்டு நடந்தா அவருட வாப்பாக்கு நான் என்ன பதில் சொல்லுற?"

போர்வைகளை வயரோடு கழற்றி வைத்துவிட்டு இரண்டு வாளி ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி எனக்கு. பிறகு தோளில் கிடந்த துவாயால் துடைத்து, போர்வைகளைப் பழையபடி சுற்றினேன். பிளக்கை மட்டும் மாட்டவில்லை. (திரும்பவும் கொதித்துவிட்டால்?)

மச்சான் ஓட்டமாக வந்தார், கையுறை போட்ட கையாலேயே போர்வைகளை இழுத்துப் போட்டார், ஏறினார், போனார்.

கொடி அசைந்தது. முதல் வளைவில் எல்லோரும் சரிந்து திரும்பினார்கள். மச்சானும் சரிந்தார். பின்டயர் விலகி ஓடியது. பைக் ஒருமுறை உதறி, மண்ணில் இறங்கி, விழப்போய், எப்படியோ நிமிர்ந்தது. அவர் தடத்துக்குத் திரும்பும்போது முன்னால் பதினெட்டுப் பேர், பின்னால் ஒருவரும் இல்லை. காரணம் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு சுற்று அவர் நடைபழகுபவர்போல் ஓட்டினார். மூன்றாவது சுற்றில் என்னவோ நடந்தது. டயருக்குச் சூடேறிவிட்டது. அதன் பிறகு நான் பார்த்த மனிதர் எங்கள் வீட்டில் நடுத்துண்டு மீன் தின்பவர் இல்லை. முழங்கால் தாரில் உரச, முழங்கைக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்லாமல் படுத்தபடி வளைவில் வந்தார். தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு ரப்பர். அத்தனை வேகத்தையும், ஒரு முழு மனிதனையும், ராத்தாவின் வாழ்க்கையையும் அந்த உள்ளங்கை தாங்கியது. "சுபஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணீர் வந்தது, வெட்கப்படவில்லை. பதினைந்தாவது, பதினோராவது, எட்டாவது. மற்றவர்களின் டயர் தேய்ந்து தடுமாற, இவர் ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசிச் சுற்றில் மூன்றாவது ஆளின் பின்சில்லைத் தொடும் தூரத்தில் வந்து, நான்காவதாக முடித்தார்.

தலைக்கவசத்தையும் கையுறையையும் கழற்றியவர், பார்வையாளர் பக்கத்திலிருந்து ஓடிவந்த ராத்தாவைப் பார்த்தார். "சொன்ன சொல் சொன்னதுதான். வித்துருவம்."

பிறகு கீழே கிடந்த போர்வையை எடுத்தார். முகம் மாறியது.

"தம்பி, இது ஏன் ஈரமா இரிக்கி?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். நான் அவசரமாக, "வாப்பாதான் ஊத்தச் சொன்னாரு" என்றேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. பெண் கொடுத்த மாமனாரை எந்த மாப்பிள்ளை ஏச முடியும்? மூன்று தரம் மூச்சு வாங்கிவிட்டு, "மாமாவா சொன்னாரு? அப்ப சரி" என்றார்.

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், "பைக்க விக்கத் தேவல்ல. எங்கட ஆக்கள் செஞ்ச பிழைக்கு நீங்க என்னத்துக்கு விக்கிற? நீங்க வார வரத்தப் பாத்துட்டு எனக்கு மூச்சே நிண்டு போச்சு. அடுத்த பந்தயம் எப்ப?" என்றாள். மச்சான் வெடித்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அழுகையும் இருந்தது.

அன்றிலிருந்து டயர் தெரிவு செய்வது ராத்தா. இப்போது வீட்டில் இரண்டு கப் இருக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கலியாணம். நான் மாப்பிள்ளையாகப் பெண்வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் மனைவியின் தம்பி கை கழுவத் தண்ணீர் ஊற்ற வந்தான். சபை நிறைய ஆட்கள். நௌசாத் மச்சான் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னார்.

"மெல்ல ஊத்துங்க தம்பி! குளிர்ந்தா மாப்பிள்ளை முதலாவது வளைவுலயே உழுந்திருவாரு!"

சபை முழுக்கக் கதை கேட்டது, அவரும் விடாமல் சொன்னார். இன்றுவரை என் மாமியார் வீட்டில் ஒரு சைக்கிளைக்கூடக் கழுவ எனக்கு அனுமதி இல்லை. நான் வாளியைத் தூக்கினால் மாமி ஓடிவந்து பறித்துக்கொள்கிறார். மருமகனுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் ஊருக்குச் சொல்கிறார்கள்.