சோப்புத் தடவாத ஆணிகள்

"நம்ம கோழி பக்கத்து வீட்டுல போய் முட்டை போட்டா, அது யாரு முட்டைப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது தபால்காரர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் யோசித்தார்.

நாலு கோழிக்கு நாளுக்கு இரண்டே முட்டை. பக்கத்து வீட்டுத் தையல்காரரும் கோழி வளர்த்தார். அங்கே முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு காலையில் தையல்காரர் இவர் வீட்டுக் கூண்டுக்குப் பின்னாலிருந்து வந்ததைத் தபால்காரரே பார்த்தார். கேட்டால், பூனை புகுந்த மாதிரி இருந்தது என்றார். கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

வேலி போட்டுவிட வேண்டியதுதான் என்றார் தபால்காரர்.

"அவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க," என்றாள் மனைவி.

"திருடறவன் எவனும் நெத்தியில விலாசம் ஒட்டிக்கிட்டு வர்றதில்ல."

வேலிக்கென்று இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கி நட்ட மரத்தூண்கள் இரும்பாக இருந்தன. கம்பிவலையை வைத்து யு வடிவ ஆணியை அடித்தால், ஆணிதான் மடங்கியது. மதியத்துக்குள் பதினேழு ஆணிகள் கும்பிடு போட்ட மாதிரி வளைந்து கிடந்தன.

தையல்காரர் ஜன்னலில் தலை நீட்டினார். "வைரம் பாஞ்ச மரம்ணே. முதல்ல சின்னதா துளை போடுங்க. ஆணி முனையில சோப்பு தடவுனா வழுக்கிக்கிட்டு இறங்கும்."

வழுக்கிக்கொண்டு இறங்குவது வழுக்கிக்கொண்டு வெளியேயும் வருமே! தபால்காரர் துளை மட்டும் போட்டார். ஆணி பாதியில் நின்றது. பெரிய சுத்தியலை எடுத்தார்.

"முழுசா இறுக்கிடாதீங்க. கம்பி அசைய இடம் விடுங்க."

கம்பி அசைந்தால் கை நுழையும். ஒரே போடாகப் போட்டார். நசுங்கிய கம்பி, வலையை இழுத்ததும் அறுந்து சுருண்டு வந்து சட்டைப் பையைக் கிழித்தது. மனைவி சட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். மாலையே திரும்பி வந்தது. தைத்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. இத்தனை கரிசனம் எதற்கு என்று தபால்காரருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

மூன்றாம் நாள் பல்லிகூட நுழைய முடியாத வேலி எழும்பியது.

மறுநாள் கூண்டில் ஒரு முட்டைகூட இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆணி ஆணியாகத் தடவிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை.

"எந்த வழியா வர்றான்னே தெரியலையே," என்று முனகினார்.

கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"வர முடியலைப்பா, அதான் முட்டை இல்ல. நம்ம கோழிங்க முட்டை போடறத எப்பவோ நிறுத்திடுச்சு. முட்டை போடலன்னா வித்துடுவேன்னு நீங்க சொன்னப்ப நான் அழுதேன்ல? அன்னைலேருந்து தையல்கார மாமாதான் தினமும் ரெண்டு முட்டை வெச்சிட்டுப் போவாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

தையல்காரர் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தபால்காரர் குறடை எடுத்தார். சோப்புத் தடவாத ஆணிகள் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வழி விட்டு, வீட்டிலிருந்த தானியத்தில் பாதியைக் கொண்டுபோய் அந்த வீட்டுக் கோழிகளின் தொட்டியில் கொட்டினார்.

யாராவது கேட்டால், பூனை புகுந்த மாதிரி இருந்தது என்று சொல்லத் தயாராக இருந்தார். கேட்க அங்கே யாருமில்லை.