ராணிக்கு வாங்கிய கண்ணிமை

இந்தத் தடவை ராஜாவாகத்தான் நடிப்பது, இல்லாவிட்டால் நாடக சபாவை விட்டே விலகிவிடுவது என்று சபதம் செய்தேன். அதைக் கேட்ட காரியதரிசி தலையைச் சொறிந்தார். நான் விலகினால் சபாவின் சாமான் பெட்டிகளை யார் வீட்டில் வைப்பது என்ற கவலை அவருக்கு. கடைசியில் ராஜா வேஷம் எனக்கே என்றாகிவிட்டது.

நான் சின்னையா. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அதுவரை நான் மேடையில் பேசிய மிக நீளமான வசனம், "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்பதுதான். ஆகவே என் மகிழ்ச்சியை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு இடைஞ்சல். நாடகம் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரயிலேறிப் போகவேண்டிய கிள்ளானில் என் மைத்துனிக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை நான்தான். என் மனைவி பவுனம்மாள் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். நான் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்கு நல்ல வேளை பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது.

வெடித்தது என்றால் குப்பென்று ஒரு சுவாலை. அவ்வளவுதான். பவுனம்மாளின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் இமைமுடி கருகிக் கொட்டிப்போயிற்று. "பயப்படாதீங்க, தானா வளரும். மாசக்கணக்காகும்" என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர்.

அவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதை நிறுத்தினாள். அழுதால் கண்ணீர் நேரே கன்னத்தில் விழுந்தது. நடுவில் தங்கிப் போக இடமில்லை.

"நான் கல்யாணத்துக்குப் போகலைங்க" என்றாள். "எல்லாரும் என் கண்ணைத்தான் பாப்பாங்க."

என் மனம் துக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளேயே ஒரு ஓரத்தில் ராஜா எழுந்து மீசையை முறுக்கினார்.

"நான் கட்டாயப்படுத்தமாட்டேன் பவுனு" என்றேன், பெருந்தன்மையோடு.

நாடகமும் அன்றைக்குத்தான் என்பதை மெல்லச் சொல்லிவைத்தேன். அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ராணியின் கண்ணிமை வந்து கெடுத்தது. எங்கள் சபாவில் ராணி வேஷம் கட்டுகிறவன் கன்னையா. ஆபீஸில் மூட்டைக்கு முத்திரை குத்துகிறவன். மேடை ஏறினால் பெண்களே பொறாமைப்படுவார்கள். அவனுக்காகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜோடி ஒட்டு இமை வரவழைத்திருந்தோம். மெல்லிய நூலில் முடியை முடிச்சுப் போட்டுக் கட்டியது. அதுவும் அதை ஒட்டுகிற பிசின் புட்டியும் என் வீட்டுப் பெட்டியில் இருந்தன. பவுனம்மாள் பார்த்துவிட்டாள்.

"இதை ஒட்டிக்கிட்டா நிஜ இமை மாதிரி இருக்குமாங்க?"

ராஜா நடுங்கிவிட்டார். உடனே பயமுறுத்த ஆரம்பித்தேன்.

"இது லேசுப்பட்ட காரியமில்லை பவுனு. முதல்ல கண்ணளவு பார்த்து வெட்டணும். நீளமா விட்டா மாடு முழிக்கிற மாதிரி இருக்கும்."

"ரெண்டு பக்கமும் ஒரே நீளமா?"

"ஐயையோ! மூக்குப் பக்கம் குட்டை. வெளி ஓரம் கொஞ்சம் நீளம்."

"பிசினைத் தடவின உடனே ஒட்டிரலாமா?"

"கூடவே கூடாது. கொஞ்சம் காய்ஞ்சு கையில இழுபடணும். ஈரத்தோட ஒட்டினா கண்ணுக்குள்ள போயி எரியும்."

"தண்ணி பட்டா?"

"பிஞ்சு வந்திரும். அழக்கூடாது, கண்ணைத் தேய்க்கக்கூடாது, அதோட படுக்கக்கூடாது."

"எடுக்கறப்ப?"

"தேங்காயெண்ணெயைத் தொட்டு வச்சு, நல்லா ஊறவிட்டு, மெதுவா எடுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா முளைக்கிற குருத்தும் போயிரும்."

எல்லாம் கன்னையா எனக்குச் சொன்னது. என் சொந்தச் சரக்கு போல எடுத்து விட்டேன். பவுனம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"அம்மாடி, இவ்வளவு இருக்கா? நமக்கு வேணாங்க."

ராஜா மறுபடியும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

ஞாயிறு காலையில் அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நான் போகாட்டி தங்கச்சி மனசு உடைஞ்சிரும். அடுக்களைக்குள்ளேயே உக்காந்துட்டு வந்துடறேன். உங்களுக்கு ஆபீஸ் வேலைன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். நீங்க நிம்மதியா நடிங்க."

இப்படிப்பட்ட மனைவி யாருக்கு வாய்ப்பாள்? ஸ்டேஷன் வரை போய் ரயிலேற்றிவிட்டேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

மத்தியானம் வீட்டில் ராஜா மீசையை ஒட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று சேனாதிபதியைக் கடிந்துகொண்டிருந்தேன். கன்னையா உள்ளே ஓடிவந்தான்.

"அண்ணே, என் இமையைக் குடுங்க."

பெட்டியைத் திறந்தேன். பவுடர் இருந்தது. செந்தூரம் இருந்தது. இமை இல்லை. பிசின் புட்டியும் இல்லை.

"அண்ணே!" என்று தலையில் கைவைத்தான் கன்னையா. "இமை இல்லாத ராணியைப் பார்த்தா ஜனங்க கல்லால அடிப்பாங்களே!"

"பவுனு..." என்றேன்.

"கிள்ளானுக்கா போயிருக்கு? ஓடுங்கண்ணே! இப்ப ஒரு ரயில் இருக்கு. வாங்கிட்டு சாயங்கால ரயில்ல வந்திரலாம், நாடகம் ராத்திரிதானே."

ஓடினேன். மீசையைக் கழற்ற நேரமில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கிள்ளான் வரை அழுதது.

கல்யாண வீட்டு வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றவள் யார் என்கிறீர்கள்? பவுனம்மாள்! அடுக்களையில் பதுங்கப் போனவள்! கண்ணளவுக்கு வெட்டிய இமை. மூக்குப் பக்கம் குட்டை, வெளி ஓரம் நீளம். நான் இமை கொட்டாமல் பார்த்தேன். அவள் நிதானமாக இரண்டு தடவை கொட்டிக் காட்டினாள்.

நான் அவள் பக்கம் போவதற்குள் மாமனார் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். பிசின் எதையும் ஒட்டும். என்னையும் மாமனாரையும் மட்டும் ஒட்டியதில்லை. அன்று அவரே வந்து ஒட்டிக்கொண்டார்.

"ஆபீஸ் வேலைன்னு சொல்லுச்சே பவுனு! எல்லாத்தையும் போட்டுட்டு வந்துட்டீங்களே மாப்ள! அட, மீசையெல்லாம் கம்பீரமா இருக்கே!"

என் கழுத்தில் மாலை விழுந்தது. மணமகனுக்குக் குடை பிடிக்க வைத்தார்கள். நடுவில் ஒரு தூண் மறைவில் அவளைப் பிடித்தேன்.

"பவுனு, கழட்டு!"

"எதைங்க?"

"இமையை! ராணிக்கு வேணும்!"

"மெதுவாப் பேசுங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க நிக்கிறாங்க. தாலி ஏறட்டும்."

தாலி ஏறியது.

"இப்பவாவது கழட்டு."

"பந்தி பரிமாறிட்டு வரேன்."

பந்தி முடிந்தது. கொஞ்சம் தேங்காயெண்ணெயோடு நானே போய் நின்றேன். அவள் கண்ணை மூடி எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டு ஆற அமர உட்கார்ந்தாள்.

"சீக்கிரம்!"

"ஊறணுமுங்க. வெடுக்குன்னு இழுத்தா குருத்து போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போது தூரத்தில் ஒரு ஊதல் கேட்டது. ரயில்வேக்காரனுக்கு அது என்ன வண்டி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

கத்தியிருப்பேன். ஆனால் அவள் தங்கை, மணக்கோலத்திலேயே ஓடிவந்து, "அக்கா, எல்லாரும் உன் கண்ணைத்தான் பேசறாங்க" என்று கட்டிக்கொண்டாள். பவுனம்மாள் சிரித்தாள். அடுப்பு வெடித்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஊறிய இமையைப் பதமாக எடுத்தாள். பஞ்சால் எண்ணெயைத் துடைத்தாள். பிசினை உரித்தாள். வளைவு கெடாமல் காகிதத்தில் வைத்து மடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அங்கே நாடகம் நாசமாப் போயிருக்கும்" என்றேன். "கன்னையா பாவம், என் வழியைப் பார்த்துக்கிட்டே நிப்பான். நாளைக்கு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நிக்கமாட்டாருங்க. அவருகிட்ட வேற ஒரு ஜோடி இருக்கு. இதை எடுத்துக்கச் சொன்னதே அவருதான்."

"கன்னையாவா! எதுக்கு?"

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, என் மனம் நோகாதபடி மெல்லச் சொன்னாள்:

"உங்களுக்கு வசனம் மனசுல நிக்கவே மாட்டேங்குதாம். 'ஞாயித்துக்கிழமை எப்படியாவது அண்ணனைக் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா'ன்னு சபாவே திரண்டு வந்து எங்கிட்ட கெஞ்சிச்சுங்க."