இயக்குநர் காரின் இடது ஒடுக்கு

மனுக்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன என்ற பொதுமக்களின் நீண்டநாள் குறையைப் போக்கும் பொருட்டு, எங்கள் மனுக்கள் விரைவு இயக்ககம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது. மனுக்கள் பழைய வேகத்திலேயே போயின. இயக்குநர் வேகமாகப் போனார். நான் அவருடைய டிரைவர்.

ஒருநாள் காலை, "தள்ளி உக்காருப்பா, நானே ஓட்டிப் பாக்கறேன்" என்றார். அலுவலக வாசல் தூண் வழிவிட மறுத்தது. இடது கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒடுக்கு விழுந்து, பெயிண்டும் உரிந்து போனது.

"என்னப்பா இப்படி இடிச்சிட்டே?" என்றார், ஸ்டியரிங்கை விடாமல்.

"சார், ஓட்டினது நீங்க."

"இந்த வண்டிக்கு டிரைவர் யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?"

இலாகா வண்டியை இடித்தவனுக்கு வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பளம் என் ஒருவனுடையதுதான்.

காரைச் செப்பனிடுவது குறித்து ஆலோசிக்க உயர்மட்டக் குழு கூடியது. என்னையும் டிங்கரிங் கடை அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒடுக்கெடுத்து, பட்டி வச்சுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிக்கணும். நாலு நாள்ல புதுசாக் குடுத்துடறேன்" என்றார்.

குழுவின் முகம் சுண்டிவிட்டது. நாலு நாளில் முடிகிற வேலைக்குக் குழு எதற்கு? துணை இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"இருந்ததைத்தான் எடுக்க முடியும். ஒடுக்கை எடுத்தா, ஒடுக்கு இருந்ததுன்னு ஆயிடும். இருந்ததுன்னா, யாரோ இடிச்சாங்கன்னு ஆயிடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போகப் போகிறது என்றால் வாய் தானாகவே பேசும் போலிருக்கிறது.

"சார், அது ஒடுக்கே இல்ல. டிசைன். வெளிநாட்டுல இப்ப எல்லாரும் இப்படித்தான் வச்சுக்கறாங்க."

"வெளிநாட்டுலயா?" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிசைன்னா வலது பக்கம் ஏன் இல்ல?" என்றார் கணக்கு அதிகாரி. நியாயமான கேள்விதான். அன்று மதியமே, மேலிடத்து ஆணைக்கிணங்க, வலது கதவையும் அதே தூணில் மிகுந்த மரியாதையுடன் இடித்தேன். என் வேலை பிழைத்தது.

மறுவாரம் துணை இயக்குநரின் கார் ஒடுக்கோடு வந்தது. கணக்கு அதிகாரி வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக்கொண்டு வந்தார். அது போலி என்பதால் ஒருவரும் மதிக்கவில்லை. தூண் ஒடுக்குதான் அசல். காலையில் தூணுக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டின. "இன்னும் கொஞ்சம் இடது வாங்க சார், ஆங், இப்ப விடுங்க" என்று கைகாட்டுவது என் வேலையானது. ஒடுக்கில்லாத வண்டியில் வந்தவர்களை, மனுக் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக் காவலாளி வெளியிலேயே நிறுத்தினான். டிங்கரிங் அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தூண் எத்தனை நாள் தாங்கும்? ஒரு காலை, 'விரைவே எங்கள் மூச்சு' என்ற பலகையோடு சரிந்து விழுந்தது.

தூணை இடித்தது யார் என்று விசாரிக்க அதே குழு கூடியது. அதிகாரிகளின் கார்களில் இருப்பது டிசைன் என்று முன்பே முடிவாகிவிட்டதால், அவற்றைச் சந்தேகிக்க இடமில்லை. கடைசியில் என் ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார்கள்.

"இதுல ஒரு கீறல்கூட இல்லையே?" என்றார் துணை இயக்குநர்.

"நான் எங்கயும் இடிக்கல சார்."

"எல்லார் வண்டியிலயும் இருக்கு, உன் வண்டியில மட்டும் இல்ல. அப்ப நீ எடுத்துட்டேன்னுதானே அர்த்தம்? இருந்ததைத்தானே எடுக்க முடியும்?"

இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். "எந்தக் கடையிலப்பா எடுத்தே? சுவடே தெரியல."

வேலை போயிற்று. வயிறெரிகிறது, என்ன செய்ய? இப்போது டிங்கரிங் அண்ணன் கடையில் இருக்கிறேன். ஒடுக்கு எடுக்க ஒரு ஆள்கூட வருவதில்லை. போட்டுக்கொள்ளத்தான் ஊரே வருகிறது. விழுந்த தூணின் கல்லை வாங்கி வைத்திருக்கிறோம், அசல் கல்.

சரி, சிரித்தது போதும். உங்கள் முறை வந்துவிட்டது, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுங்கள். இடது பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா?