ஜெபத்தில் உளறிய மூன்று மாதம்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவன், எனக்கு எழுத வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

அப்போது ஜெபத்தில் எனக்குப் பெரிய பேர். நான் ஆரம்பித்தால் குழம்பு ஆறிவிடும், பிள்ளைகள் தூங்கிவிடும். (விவரமாகச் சொன்னால்தான் ஆண்டவருக்கு விளங்கும் என்று நினைப்பு.) இதை நம்பி, நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழுவில் சபையார் என்னைச் சேர்த்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியின் போதகர் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார். “பக்கத்துல உக்காருங்க. அவங்க பேசறத கேளுங்க. ஜெபம் சுருக்கமா போதும்.” இவருக்கு ஊழியத்தில் ஆர்வம் கம்மி போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பார்க்கப்போன முதல் நோயாளி என் சொந்த அண்ணன். வயிற்றில் புற்றுநோய். வார்டு வாசலிலேயே அண்ணி மடக்கினார்.

“அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். டாக்டர் மூணு மாசம்னு சொன்னது எனக்கும் உனக்கும்தான் தெரியும். பொண்ணு நிச்சயதார்த்தம் வரைக்கும் தெம்பா இருக்கட்டும். வாயத் தொறந்துடாத தம்பி.”

“நான் இன்னா கொழந்தையா அண்ணி?”

அண்ணனிடம் மழை, பஸ் என்று மட்டும்தான் பேசினேன். பிறகு அவரே ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். ஆண்டவரிடம் என்ன ரகசியம்?

“அல்சர் என்று நம்பிக் கிடக்கும் இந்த அடியானைக் கண்ணோக்கும். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தை முப்பது வருஷமாக்கும் ஆண்டவரே!”

பக்கத்துக் கட்டில் பாய், “யா அல்லா” என்றார்.

“கண்ணத் தொறடா” என்றார் அண்ணன். “மூணு மாசமா?”

“ஆமென்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அண்ணியைப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. சிரிச்சிச் சிரிச்சி கஞ்சி ஊட்டினியேடி.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போதகரிடம் ஓடினேன். “ஜெபம் பண்ணப் போனீங்களா, ரிப்போர்ட் படிக்கப் போனீங்களா?” என்றார். மறுநாள் முதல் அவரே வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரிடம் அழுதார். அண்ணியிடம் பேசவில்லை.

கஞ்சியை என் கையால்தான் குடித்தார். ஒரு மாதம் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்த அண்ணி நடைவழியில் நின்றார். உளறியவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார்.

இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் கண்ணை மூடினால், “சித்தப்பா, ரிப்போர்ட் வேணாம்” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

சபையில் சிலர் இதைச் சாட்சியாகவே சொல்கிறார்கள். கடைசி நாளில் அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்து மன்னித்தார் என்று முடிக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் யாருக்காவது சொன்னால் தயவுசெய்து அதைச் சேர்க்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அண்ணன் பிடித்திருந்தது என் கையை.