ஹெட்லைட்டுக்கு அளவெடுத்த கதை

ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள மல்லிகா அத்தைக்கு,

மருமகள் நிலுஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். காருக்கு மட்டும் சுகமில்லாமல் இருந்து நேற்றுத்தான் தேறியது. நீங்களும் கேகாலைத் தையல்கடையும் சுகமாக இருக்கக் கும்பிடுகிறேன். போனில் நான் பேசினால் "ம்" மட்டும்தான் கேட்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் இதை எழுதி ஏழு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை நான் வேலைக்கு வந்து சேராததால், திங்கள் காலை கடை திறக்கும்போது நான் நிற்காவிட்டால் வேறு பிள்ளையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்களாம். "பத்தாம் வகுப்போட நின்ன புள்ளங்கிறது பரவாயில்ல, வாயில்லாத புள்ள வர்ற ஆளுககிட்ட எப்பிடி அளவு கேக்கும்?" என்றும் கேட்டீர்களாம். அத்தை, நாங்கள் வியாழன் பின்னேரமே புறப்பட்டோம். என் தையல் மெஷினை இரும்புக் காலோடு டிக்கியில் ஏற்றி, உங்களுக்கு ஒரு சாக்கு ஈரப்பலாக்காயும் வைத்து, பொழுது சாய்ந்து போகும்போது எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். தெரிந்தவர்கள் என்று நினைத்து அப்பா கையைக் காட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பஸ் டிரைவர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "லைட் பாத் கரன்ன ஐயே!" என்று, லைட்டை இறக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது. எங்கள் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு அவர் கண்ணுக்கும் மரக்கிளைக்கும் போகிறதாம். அப்பா பயந்து காரைத் திருப்பிவிட்டார். லைட் சரியாகாமல் இனி இருட்டில் ஓட்டமாட்டேன் என்றார். இன்று நாலு மணி வரை அவருக்கு ஹயர் ஓட்டம் இருப்பதால், உங்களிடம் வந்து திரும்புவதும் இருட்டில்தான்.

வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. சமதரையில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, ஹெட்லைட் இருக்கும் உயரத்துக்குச் சுவரில் குறுக்கே ஒரு டேப், ஒவ்வொரு லைட்டுக்கும் நேரே ஒரு நெடுக்கு டேப் ஒட்டி, காரை இருபத்தைந்தடி பின்னால் எடுத்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு குறுக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். எங்கள் தோட்டத்தில் சமதரை ஏது? வரிசையாக ஒட்டி நிற்கும் லய வீடுகளில் கடைசியான தம்பையா மாமா வீட்டுப் பக்கச் சுவருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் உண்டு. நேற்றுப் பின்னேரம் என் தையல் டேப்பால் அளந்து, கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்க்ரூ டிரைவர் தேடப் போயிருந்தார். தம்பையா மாமா வந்து சுவரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா புள்ள, காணி அளக்குறாங்களா? வீடு வருதா?"

அரசாங்கம் தருவதாகச் சொன்ன காணிக்கும் வீட்டுக்கும் அவர் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை.

"வெளிய சொல்லக்கூடாதோ?"

நான் பயத்தில் தலையாட்டிவிட்டேன். அதுதான் பிழை, அத்தை. பத்து நிமிடத்தில் லயமே அங்கே நின்றது. அவர் வீட்டு இராஜம் மாமி எனக்குப் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் சுவரிலும் ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்டார்கள். நான் டீ குடித்த நேரத்தில் தம்பையா மாமா இடதுபக்க டேப்பை உரித்து, சுவரோரம் நிற்கும் தன் வாழைமரமும் காணிக்குள் வருமாறு இரண்டடி தள்ளி ஒட்டிவிட்டார். அப்பா வந்து, ஒன்றும் தெரியாமல், டேப்பை நம்பி ஸ்க்ரூவைத் திருப்பத் திருப்ப, ஒரு லைட் சுவரையும் ஒரு லைட் வாழைக்குலையையும் பார்த்தது.

"எவ்வளவு திருப்பினாலும் பத்தலையே!" என்று அப்பா வியர்த்துப்போனார். இப்படியே போனால் திங்கட்கிழமை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. "மாமா, இது காணிக்கு இல்ல! காரு லைட்டுக்கு! டேப்ப இருந்த எடத்துல ஒட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

தம்பையா மாமா டேப்பை மெதுவாக உரித்தார். "காணி போனா போவுது. அழகமுத்து, ஒம்மவ பேசுது பாத்தியா?" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவரே டேப்பைச் சரியான இடத்தில் ஒட்டி, ஸ்க்ரூ திருப்ப டார்ச் பிடித்தார். இரண்டு வெளிச்சமும் கோட்டுக்குக் கீழே அழகாக உட்கார்ந்தன. இன்று இரவு ஏழரைக்கு நானும் மெஷினும் உங்கள் வாசலில் இருப்போம். அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு மாமாவுக்கு வணக்கம். கடைப் பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் கைராசி எனக்கும் வர ஆசீர்வதியுங்கள்.

அன்புடன்,
நிலுஷா

பி.கு: லைட் சரியாகிவிட்டது என்று எழுதியதை மறந்துவிடுங்கள். அம்மா எண்ணெய் போடுவதற்காக, வியாழனிலிருந்து டிக்கியிலேயே கிடந்த மெஷினை இறக்கி, ஈரப்பலாச் சாக்கையும் கீழே வைத்திருக்கிறார். அப்பா லைட்டைப் போட்டுப் பார்த்தால் வெளிச்சம் முன் டயரைத் தாண்டவில்லை. லைட்டில் முதலிலிருந்தே பிழை இல்லையாம். பின்பாரம்தான் காரின் மூக்கைத் தூக்கியிருக்கிறது. வரும்போது பாரம் இருக்கும். மெஷினை அங்கே இறக்கிவிட்டு அப்பா எப்படித் திரும்புவது? மெஷினைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்கிறார். மெஷின் இல்லாமல் நான் எதற்கு? ஆகவே நானே போய்த் தம்பையா மாமாவிடம் பேசினேன். கண்டக்டர் வேண்டாம், இந்தக் கடிதத்தை உங்களிடம் நீட்டிக்கொண்டு நிற்பவர்தான் அவர். எங்களோடு காரில் வந்தால் பாரம் கூடிவிடும் என்று பஸ்ஸில் வந்திருக்கிறார். இரவு அப்பாவுடன் பின்சீட்டில் திரும்புவார். சுவரிலிருக்கும் டேப்பைக் கழற்றக்கூடாது என்பது மட்டும்தான் அவர் கேட்டது. ஆள் மெலிவு, அத்தை. மெஷினும் சாக்கும் சேர்ந்த பாரம் வேண்டும். இரவுவரை அவருக்கு நன்றாகச் சோறு போடுங்கள்.