காயக் காயக் கலர் எடுக்கும்

இந்த வீட்டில் ஒரு விஷயமாவது என் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

அன்று என் மனைவி கூடத்தின் நடுவில் நின்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி, நாற்காலிகள், மர சோபா. எல்லாம் ஒரே பழுப்பு. கடைசியில் பார்வை என்மேல் வந்து நின்றது. நானும் பழுப்புச் சட்டைதான் போட்டிருந்தேன்.

"வீடு மாதிரியே இல்லைங்க. தபால் ஆபீஸ் மாதிரி இருக்கு. ஒரு பெயிண்டரைக் கூப்பிடலாமா?"

"எதுக்குப் பெயிண்டர்? நானே அடிக்கிறேன்."

"நீங்களா?"

"நான்தான். ஆனா ஒரு நிபந்தனை. கலர் என் இஷ்டம். யாரும் தலையிடக் கூடாது."

யாரும் என்றால் அவள்தான். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"சரி, என்ன கலர்?"

"சாம்பல்."

"சாம்பலா?"

"அழுக்குத் தெரியாது."

இங்கே அவளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் நூல் கடையில் வேலை பார்க்கிறாள். துணியைக் கொண்டுவந்து நீட்டினால் அதற்கு ஒத்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு வெள்ளையிலேயே பல சாதி உண்டு. பால் வெள்ளை, முத்து வெள்ளை, எலும்பு வெள்ளை, ஆஸ்பத்திரி வெள்ளை. எனக்கு வெள்ளை இரண்டே வகை. துவைத்தது, துவைக்காதது. அப்படிப்பட்டவள் சாம்பல் நிறத்துக்குச் சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"சரிங்க. டின்னை நானே வாங்கிட்டு வந்துடறேன். நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பிங்க" என்றாள்.

அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளவே கொஞ்சம் யோசித்தாள்.

அலமாரியில் ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் தோள் வலித்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. பழைய வார்னிஷ் தூள் தூளாக உதிர்ந்தது. உள்ளே மரம் தெரிந்தது. மரத்தில் ரேகை தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். பிள்ளைகளின் மண்டையில் எதையாவது ஏற்றுவது என் தொழில். காலையில் ஏற்றினால் மாலை மணி அடிக்கும்போது இறங்கிவிடும். ஆனால் இங்கே தேய்த்த இடம் தேய்த்தபடி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. தூசியாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் சாம்பல் பூசினேன். பிரஷ் போன வழியெல்லாம் ஒரு தினுசான பளபளப்பு. நான் பாட்டுப் பாடியதாக மனைவி பிறகு சொன்னாள். ஓரங்களில் கொஞ்சம் வழிந்து சொட்டுச் சொட்டாக நின்றது. அலமாரி அழுத மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அழுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அலமாரி நீலமாக இருந்தது.

சாதாரண நீலம் இல்லை. மழை விட்டதும் மேற்கே ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று நின்றது.

"என்ன இது?"

"எது?"

"அலமாரி நீலமா இருக்கு!"

"ஆமா. காயக் காயக் கலர் எடுத்துச்சு. காலையில சாம்பல். மத்தியானம் கொஞ்சம் ஊதா மாதிரி. இப்ப இப்படி." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, இது எப்படிங்க மாறுது? நீங்கதானே கெமிஸ்ட்ரி. சொல்லுங்களேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கரும்பலகை முன்னால் இத்தனை வருஷம் நின்றவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராது.

"அது ஒண்ணுமில்ல. ஆக்சிஜன்" என்றேன்.

"ஓ."

"காத்துல இருக்கிற ஆக்சிஜன் பெயிண்ட்ல இருக்கிற உலோகத்தோட சேருது. சேர்ந்தா நிறம் மாறத்தானே செய்யும்? இரும்பு துருப்பிடிச்சா சிவப்பாகுது பாரு. அதே தத்துவம்."

கன்னத்தில் கை வைத்து முழுக்கக் கேட்டாள். என் வகுப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் நாற்காலிகள். அதே டின், அதே சாம்பல். மறுநாள் மாலை எல்லாம் மஞ்சளாக இருந்தன. மாம்பழ மஞ்சள்.

இந்த முறை நானே ஒரு விளக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"மரம் வேற. அலமாரி தேக்கு, நாற்காலி மாமரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிசின் உண்டு. பிசினுக்கு ஏத்த நிறம்."

"அதான் மாம்பழக் கலரா!" என்றாள்.

எனக்கே அது தோன்றவில்லை. அவளுக்கும் விஞ்ஞானம் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். மறுநாள் பத்தாம் வகுப்பிலும் சொல்லிவைத்தேன்.

எதிர் வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அளந்துதான் பேசுவார். எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் இருப்பதால் அவருக்கும் பேச்சுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தார். தடவிப் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

"அடியேன்தான்."

என் மனைவி தண்ணீர்த் தம்ளரை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என் கிளினிக்ல ஒரு பெஞ்ச் இருக்கு சார். நோயாளிங்க உட்கார்றது. பார்த்தாலே பல் வலிக்கும்."

"அடிச்சுட்டாப் போச்சு. என்ன கலர் வேணும்?"

"ரோஸ். ஈறு மாதிரி. ஆரோக்கியமான ஈறு."

அன்று மாலையே போய், என்ன மரம் என்று பெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது.

"ரோஸ் வரும்" என்றேன்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி, "வேண்டாங்க. இதெல்லாம் நம்ம வீட்டோட இருக்கட்டுமே" என்றாள். பொறாமை! கலைஞனின் வீட்டில் அது சகஜம்தான் என்று மன்னித்துவிட்டேன்.

விடுமுறை நாளில் உப்புத்தாள், பிரஷ், டின் சகிதம் கிளினிக்கில் இறங்கினேன். தேய்த்தேன். பூசினேன். "காயக் காயக் கலர் எடுக்கும். நாளைக்கு ரோஸ்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கும் சாம்பல்தான். "இங்க காத்து பத்தலை. ஃபேன் போடுங்க" என்றேன். ஃபேன் போட்டார்கள். அதற்கு மறுநாளும் சாம்பல். மேலே இன்னொரு பூச்சு அடித்துவிட்டு, "வெயில் படணும்" என்றேன். இரண்டு நோயாளிகள் வீங்கிய கன்னத்தோடு பெஞ்சைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். அன்று மாலை போனபோது பெஞ்ச் அதே சாம்பலில் நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து எழுந்த ஒருவருடைய வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் மட்டும் நன்றாகக் கலர் எடுத்திருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. மூலையில் நான் விட்டுப்போன டின்னைத் தூக்கினார். தலையில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். லேபிளைப் படித்தார்.

லேபிள் படிக்காமல் எந்தப் பாட்டிலையும் தொடாதே என்பதுதான் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம். ஆனால் அது பள்ளிக்கூடத்து பாட்டிலுக்கு. இது மனைவி வாங்கி வந்த டின்.

"சார், ஒரு விஷயம் சொல்றேன். கொஞ்சம் வலிக்கும்" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க."

"இது பெயிண்ட் இல்ல. பிரைமர். பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிறது. இதுக்கு மேல வேற எதையாவது பூசினாத்தான் கலர்."

வாயைத் திறந்தபடி நின்றேன். பழக்கதோஷம், டாக்டர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப உங்க வீட்டு அலமாரி எப்படி சார் நீலமாச்சு?"

காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் வலியை மறந்து என்னைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெஞ்சில் ஏறாத சாயம் என்னிடம் வெளுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடந்தேன்.

அவள் நூல்கண்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் டின்னை அவள் முன்னால் வைத்தேன். லேபிள் பக்கம் அவளைப் பார்த்திருக்கும்படி வைத்தேன்.

"படிச்சுட்டீங்களா?" என்றாள். முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் மறைத்துவைத்திருந்தவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"நீதானா?"

"நீங்க கிளம்பினதும் அடிப்பேன். கடைக்கு மத்தியானம்தானே போகணும்? நீங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

"இத்தனை டின்னையும் எங்க வச்சிருந்தே?"

"துடைப்பத்துக்குப் பின்னாடி. நீங்க அந்தப் பக்கம் வர்றதில்லையே."

உட்கார்ந்தேன். மஞ்சள் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"ஆக்சிஜன்னு சொன்னேனே. அப்பவாவது சிரிச்சிருக்கலாமே?"

"அவ்வளவு அழகா விளக்கினீங்க. குறுக்கே பேச மனசு வரலை."

"பத்தாம் வகுப்புல சொல்லிட்டேன்."

"பரீட்சையில வருமா?"

"விளையாடாதே. ஏன் இப்படிப் பண்ணே?"

"நான் கலர் சொன்னா நீங்க பிரஷ்ஷைத் தொட்டிருப்பீங்களா? தேய்க்கிறது எனக்கு ஆகாது, கை வீங்கிடும். பூசறதுன்னா உசிரு. நீங்க தேய்ச்சீங்க, நான் பூசினேன். என்ன தப்பு?"

தப்பு என்ன என்று தேடினேன். கிடைக்கவில்லை. நாற்காலியின் மஞ்சளை விரலால் தடவினேன்.

"ஒண்ணுமில்ல. எனக்கு நிஜமாவே நல்லா வருதுன்னு நினைச்சேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தாக்கூட அந்த அலமாரியை ஒரு தரம் பார்த்துட்டுத்தான் படுப்பேன். நான் பண்ணினதுன்னு."

அவள் நூலைக் கீழே வைத்தாள். அடுக்குவதை நிறுத்தி அவள் என்னைப் பார்ப்பது அபூர்வம்.

"சோபா பாக்கி இருக்கே" என்றாள் மெதுவாக. "அதை முழுக்க நீங்களே பண்ணுங்க. தேய்க்கிறதுலேர்ந்து கடைசிப் பூச்சு வரைக்கும். நான் கிட்டக்கூட வர மாட்டேன்."

"கலர்?"

"உங்க இஷ்டம். எந்தக் கலர் வேணும்னாலும் எடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பச்சை மட்டும் வேண்டாம். எனக்குப் பச்சையே பிடிக்காது."

பெயிண்ட் கடையில் நிற அட்டை முன்னால் வெகுநேரம் நின்றேன். சாம்பல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக நிறங்கள் என்னைப் பார்த்துப் பேசின. அதிலும் பச்சைகள் சத்தமாகப் பேசின. வேண்டாம் என்றாளே, அதனாலேயே பேசின. கிளிப்பச்சை, பாசிப்பச்சை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இலையின் முதுகுப்பக்கம் இருக்குமே ஒரு வெளிர்ப்பச்சை, அதை எடுத்தேன்.

சோபாவைத் தேய்த்தேன். பிரைமர் பூசினேன், இந்தத் தடவை லேபிள் படித்துவிட்டு. பிறகு பச்சை. அவசரமே இல்லை. பிரஷ்ஷை ஓரத்தில் வழித்து, ஒரே திசையில் இழுத்து, ஒரு கைப்பிடி முடிந்ததும் தள்ளி நின்று பார்ப்பது. பார்த்துவிட்டு அடுத்த கைப்பிடி. முடித்தபோது இரண்டே இரண்டு சொட்டு வழிந்திருந்தது. இரண்டும் என் சொட்டு. துடைக்க மனம் வரவில்லை.

சொன்னபடி அவள் கிட்டக்கூட வரவில்லை. காய்ந்த பிறகு நானே கூப்பிட்டேன்.

"ஐயோ, பச்சையா?" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"என் இஷ்டம்னு சொன்னியே."

"சொன்னேன்தான்."

"அதான். பச்சை."

அவள் பெருமூச்சு விட்டாள். நான் சோபாவின் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமான பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. கொஞ்சம் கெட்டியாகவே உட்கார்ந்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தாள். அதிலிருந்து மெத்தை உறைகளை எடுத்து என் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். முத்து வெள்ளைத் துணி. ஓரமெல்லாம் பச்சை நூல் பின்னல். ஒன்று கிளிப்பச்சை, ஒன்று பாசிப்பச்சை, ஒன்று கரும்பச்சை, ஒன்று வெளிர்ப்பச்சை. வெளிர்ப்பச்சையைச் சோபாவின் கைப்பிடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். நூல் எங்கே முடிகிறது, மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"இதெல்லாம் எப்ப தைச்சே?" என்றேன்.

"போன மாசமே தைச்சுட்டேன். நீங்க எந்தப் பச்சையை எடுப்பீங்கன்னு மட்டும்தான் தெரியலை."