குத்துவிளக்குக்கும் சேர்த்துப் போட்ட குரோம்

போன வாரம் ஒரு சின்ன வேலை. கார் எஞ்சின் மூடி ரெண்டுக்கு குரோம் போடணும். அவ்ளோதான்.

யாருக்காக? மச்சானுக்காக! என் பொண்டாட்டியோட தம்பி. நாலு வருஷம் முன்னாடி குன்றத்தூர் கோயில் வாசல்ல ரெண்டு பேர் வண்டிக்கும் பூஜை போட்டோம். அவன் பானெட்டைத் தெறந்தா எஞ்சின் மின்னுது. என்னுதை எட்டிப் பாத்துட்டு, "இன்னா மாமா, கரி புடிச்ச குண்டான் மாதிரி கீது!"ன்னான்.

அவன் அன்னிக்கே மறந்திருப்பான். நான் மறக்கிற ஆளா?

வெள்ளிக்கிழமை மறுபடியும் குன்றத்தூர் பூஜை. அவனும் வர்றான். அதுக்குள்ள என் எஞ்சின் மின்னியாகணும்.

இரும்புலியூர்ல ஒரு முலாம் பட்டறை. ஓனர் கேட்டார்: "மிரரா, சாட்டினா, பிளாக்கா சார்?"

நான் படிச்சது அஞ்சாவது. புரியலன்னு சொன்னா மானம் போயிடும். "நாளைக்கு சொல்றேன்"னு வந்துட்டேன்.

வூட்ல பாத்தா, பொண்டாட்டி புளி போட்டுத் தேச்சு வெச்ச குத்துவிளக்கு! கல்யாணத்துக்கு அவ அம்மா குடுத்த சீர். இந்தப் பளபளப்பைக் காட்டிட்டா பேச்சே தேவையில்லையே!

மறுநாள் அவ கோலம் போடற நேரமா பாத்து, விளக்கைத் திருகி நாலு துண்டா பிரிச்சு, எஞ்சின் மூடிங்க இருந்த சாக்குலயே போட்டுகினு கெளம்பினேன்.

கடையில விளக்குத் தட்டை மட்டும் தூக்கிக் காட்டினேன். "இதுமாரி மின்னணும்."

"அப்ப மிரர். எல்லாத்துக்குமா சார்?"

"பின்ன? பாதிக்குப் பாதியா போடுவாங்க?"

தட்டைச் சாக்குல போட்டு, சாக்கை அவர்கிட்ட குடுத்துட்டு கெத்தா நடந்தேன்.

பீர்க்கன்கரணையில எங்க வூட்டு கேட்டைத் தெறக்கும்போதே அவ குரல்: "ஏங்க, விளக்கைக் காணோம்!"

அப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு!

திரும்பி ஓடினேன். ஓனர் சிரிச்சார். "எல்லாம் தொட்டியில எறங்கிடுச்சு சார். பழைய வண்டி, அதுல ஏதோ பார்ட்ஸுன்னு நெனச்சேன்!"

வியாழக்கிழமை வூட்டுக்கு வந்துச்சு விளக்கு. தலை முதல் அடி வரைக்கும் குரோம்! மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம்.

"எங்கம்மா குடுத்ததுங்க!"ன்னா. ராத்திரி சோறு வந்துச்சு. குழம்பு வரல.

வெள்ளிக்கிழமை மச்சான் பொண்டாட்டியோட வந்து எறங்கினான். நான் பானெட்டைத் தெறந்து வெச்சுகினு நின்னேன்.

"மச்சான், இங்க கொஞ்சம் பாரேன்."

"வர்றேன் மாமா, தண்ணி குடிச்சிட்டு"ன்னு நேரா உள்ள போயிட்டான். சாமி ரூம்கிட்ட நின்னுட்டான்.

"அக்கா! இன்னாக்கா இது? வெள்ளியா?"

செத்தேன்! காலம் பூரா சொல்லிக் காட்டுவானே!

அவ என்னைப் பாத்தா. தம்பியைப் பாத்தா. தம்பி பொண்டாட்டியைப் பாத்தா.

"வெள்ளிதான்டா. மாமா வாங்கிக் குடுத்தாரு. அம்மா குடுத்ததைப் பத்திரமா வெச்சுட்டேன்."

தம்பி பொண்டாட்டி அவன் பக்கம் திரும்பிச்சு. "கேட்டீங்களா?"

குன்றத்தூர் போற வரைக்கும் அவனுக்கு அர்ச்சனை. கோயில் வாசல்ல என் எஞ்சின் தகதகன்னு மின்னுது. அவன் தலையே நிமிரல. பூஜை முடிஞ்சதும் என் காதுகிட்ட வந்து, "ஏன் மாமா இப்டி பேஜார் பண்றீங்க?"ன்னான்.

நாலு வருஷக் கடுப்பு அங்கயே எறங்கிச்சு.

யோசிச்சா, எஞ்சினுக்குப் போட்ட குரோம்தான் தண்டம்.